கை திரும்பினால் வாழ்வு திரும்பும்

"உயிர் தப்பியதே தெய்வச் செயல்! இனி அம்மா ஒரு மூலையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கட்டும். எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்."

பக்கவாதம் வந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய தாயைச் சுற்றி நின்று நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்லும் சொல் இது. பாசத்தால் சொல்வதுதான், குறை கூற முடியாது. ஆனால், மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட அந்தத் தாயின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை யாராவது கேட்டோமா?

அப்படி ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். நம்மிடையே இப்படிப்பட்ட தாய்மார் பலர் உண்டு. கிள்ளான் வட்டாரத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, மரம் மரமாகப் போய்ப் பால் வெட்டி, மங்குகளைக் கவிழ்த்து, காண்டாவில் வாளிகளைச் சுமந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். தோட்டம் கைமாறியபின் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடி வந்தார். ஒருநாள் காலையில் எழுந்தபோது வலக்கையும் வலக்காலும் அவர் சொன்னபடி கேட்கவில்லை.

மருத்துவர்கள் உயிரைக் காப்பாற்றி விட்டார்கள். கால் மெல்ல மெல்ல நடக்கத் தொடங்கியது. கை மட்டும் மடியில் கிடக்கிறது. மகள் சோறு ஊட்டுகிறாள். மருமகள் புடவை கட்டி விடுகிறாள். தன் நெற்றிக்குத் தானே பொட்டு வைக்க முடியவில்லை. பேரனுக்குத் தலைவார முடியவில்லை. நாற்பது ஆண்டுகள் பிறருக்கு உழைத்த கைக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை. "நான் இருந்து என்ன பயன்?" என்று அவர் முணுமுணுப்பது யார் காதிலும் விழுவதில்லை.

இந்தத் தாய்க்கு உதவவென்றே ஒரு மருத்துவத் துறை இருக்கிறது. அவர் வைத்தியம் பார்த்த அதே அரசாங்க மருத்துவமனையின் கட்டடத்தில், சில வாசல்களுக்கு அப்பால் இருக்கிறது. அந்த வாசலை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

வேலையே மருந்து

செயல்முறைச் சிகிச்சை என்பது அதன் பெயர். மருத்துவமனைப் பலகைகளில் மலாய் மொழியில் 'பெமுலிஹான் சாராகெர்ஜா' என்று எழுதியிருப்பார்கள். 'சாரா' என்றால் வழி. 'கெர்ஜா' என்றால் வேலை. வேலை செய்யும் வழியாலே உடலையும் மனத்தையும் மீட்பது என்று பொருள் கொள்ளலாம்.

உடற்பயிற்சி கொடுத்து நடக்க வைக்கும் பிசியோதெரபியும் இதுவும் ஒன்றா என்று சிலர் கேட்பதுண்டு. இரண்டும் அக்காள் தங்கை போன்றவை. அக்காள், "இந்தக் கால் ஊன்றி நிற்க வேண்டும்" என்பாள். தங்கை, "நின்று என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பாள். செயல்முறைச் சிகிச்சையாளரின் முதல் கேள்வி நோயைப் பற்றியதாக இருக்காது.

"அம்மா, காலையில எழுந்ததும் மொதல்ல என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன் கண்ணு... வாசல்ல தண்ணி தெளிப்பேன். தேத்தண்ணி கலக்குவேன். சாமிக்கு விளக்கு வைப்பேன்."

"சரிங்கம்மா, அப்ப விளக்குல இருந்தே ஆரம்பிக்கலாம்."

தீப்பெட்டியை எந்தக் கையால் பிடிப்பது, திரியை எப்படித் திரிப்பது, எண்ணெய் சிந்தாமல் ஊற்றுவது எப்படி என்று அந்த ஒரு வேலையைப் பத்துச் சிறு வேலைகளாகப் பிரித்துப் பழக்குவார்கள். கை மீண்டு வருமானால் அந்தப் பழக்கத்தில்தான் வரும். முழுதாக வராவிட்டால் மற்றக் கையாலே செய்யும் உபாயம் சொல்லித் தருவார்கள். அதுவும் போதாவிட்டால் கைப்பிடியை, நாற்காலியை, குளியலறையை மனிதனுக்கு ஏற்றபடி மாற்றுவார்கள். மனிதன், அவன் செய்யும் வேலை, அவன் இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்வதே இந்தச் சிகிச்சையின் சாரம்.

முதல் உலகப் போரில் கைகால் இழந்து திரும்பிய சிப்பாய்களுக்கு மறுவாழ்வு தேடிய காலத்தில் இத்துறை வேகமாக வளர்ந்தது. 1917-ல் அமெரிக்காவில் இதற்கென ஒரு சங்கம் தோன்றியது. 1950-ல் பம்பாயில் கமலா நிம்ப்கர் என்ற அம்மையார் இந்தியாவின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். உலகச் சம்மேளனம் 1952-ல் அமைந்தது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டப்படி, இந்தச் சிகிச்சையாளர்கள் முறையாகப் பதிவு செய்து கொள்ள வேண்டும்.

தோட்டத்துக் கணக்கு

இவ்வளவு நல்ல காரியம் நம் மக்களுக்கு ஏன் எட்டவில்லை? அதற்கு நம் பழைய வாழ்க்கையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் உடல்நலத்துக்கு ஒரே அளவுகோல்தான் இருந்தது: காலையில் பெரட்டுக்கு வர முடிந்ததா, இல்லையா? டிரஸ்ஸர் ஐயா புண்ணுக்கு மருந்து கட்டுவார். காய்ச்சலுக்குக் குளிகை கொடுப்பார். குணமானால் வேலைக்காட்டுக்குப் போக வேண்டும். குணமாகாதவர் வேலைக்கு உதவாதவர். அவர் குடியிருந்த வீடோ வேலையோடு ஒட்டிய வீடு. கை போனால் கூலி போகும். கூலி போனால் கூரையும் போகும். அரைகுறையாகக் குணமானவனுக்கு அந்தக் கணக்குப் புத்தகத்தில் இடமே இல்லை.

அந்தக் கணக்கு இன்னும் நம் மனத்தை விட்டுப் போகவில்லை. "வேலை செய்ய முடிந்தால் மனுஷன், முடியாவிட்டால் மூலை" என்று நாமே எண்ணிக் கொள்கிறோம். இடையில் ஒரு வழி உண்டென்று யாரும் நமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

தேவையோ நமக்குத்தான் அதிகம். செம்பனைக் காட்டில் நீளக் கழியில் கட்டிய அரிவாளால் குலை அறுப்பவருக்குக் கழுத்தும் தோளும் தேய்கின்றன. முள் குத்திய விரல் சீழ் பிடித்து மடங்கி விடுகிறது. அரிவாள் பட்டு நரம்பும் தசைநாணும் அறுபடுகின்றன. இவற்றோடு நீரிழிவு வேறு! 2019-ல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரை மட்டும் எடுத்துக் கொண்டால் 31.4 விழுக்காடு. பக்கவாதத்துக்கும், காலை எடுக்க நேர்வதற்கும் இந்த நோய் பெரிய காரணம் என்பதை நாம் அறிவோம்.

அதிகம் தேவைப்படுவோருக்குத்தான் அதிகமாகக் கிடைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கதவைத் திறந்து வைத்துவிட்டால் நீதி முடிந்து விடுவதில்லை. அந்தக் கதவு வரைக்கும் வர முடியாதவனுக்கு வழியும் அமைக்க வேண்டும். உடல்நலத்தில் சமநீதி என்று அறிஞர்கள் சொல்வது இதைத்தான்.

கட்டணம் ஒரு வெள்ளி, பயணம் எவ்வளவு?

அரசாங்க வெளிநோயாளிப் பிரிவில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி; நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. ஏழைக்கும் எட்டும் தொகைதான். ஆனால் செயல்முறைச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை. வாரா வாரம் போய்வர வேண்டும். பேருந்து நுழையாத தோட்டத்திலிருந்து நடக்க முடியாதவரை அழைத்துவர வாடகை வண்டிக்கு எவ்வளவு? கூடவே வரும் மகனுக்கோ மகளுக்கோ ஒருநாள் கூலி நட்டம் எவ்வளவு? அடையாளப் பத்திரம் இல்லாமல் தவிப்போருக்கு மருத்துவமனைக் கட்டணமே பன்மடங்கு. மொழி புரியாத தயக்கம் ஒருபுறம். அந்தத் துறையின் பெயரே தெரியாத அறியாமை மறுபுறம்.

இப்படித்தான் இரண்டு தடவை போய், மூன்றாம் தடவை நின்று விடுகிறோம். பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் மிக வேகமாக வரும். அந்தப் பொன்னான காலத்தைத்தான் போக்குவரத்துச் செலவுக்குப் பயந்து இழக்கிறோம். அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு. ஆனால் உழைப்பு அதிகம் வேண்டும்.

சுங்கை பூலோவின் பூச்செடிகள்

வேலையால் மனிதனை மீட்க முடியுமா என்று ஐயப்படுவோர் சுங்கை பூலோ வரை போய் வரலாம்.

கோலாலம்பூர்க்காரர்கள் பூச்செடி வாங்கப் போகும் அந்த இடம், ஒரு காலத்தில் தொழுநோயாளிகளின் குடியிருப்பு. 1930-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் தொழுநோயாளிகள் செத்தாப்பாக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் டிராவர்ஸ், காற்றோட்டமான வீடுகளும் தோட்டமும் வேலையும் கொண்ட ஓர் ஊரே வேண்டும் என்று வாதாடினார். சுங்கை பூலோவில் அப்படியே பள்ளி வந்தது. வழிபாட்டு இடங்கள் வந்தன. நோயாளிகளே ஆசிரியராக, தாதியராக, காவலராக, தோட்டக்காரராகப் பணிபுரிந்து படி பெற்றார்கள்.

எல்லாம் இனிப்பான கதையல்ல. சட்டத்தின் கட்டாயத்தால் குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்கள் அவர்கள். பெற்ற குழந்தையைக் கையில் வைத்திருக்க முடியாத தாய்மாரின் கண்ணீரும் அந்த மண்ணில் உண்டு. நல்ல மருந்து வந்து நோய் குணமான பிறகும் வெளியுலகம் அவர்களை ஏற்கத் தயங்கியது. அப்போது அவர்களுக்குக் கைகொடுத்தது எது? மண்ணைக் கொத்திப் பதியம் போடக் கற்ற அந்தக் கைகள்தாம்! விரல் குறைந்த கைகளால் வளர்த்த செடிகள் இன்று பட்டணத்து வீடுகளை அலங்கரிக்கின்றன.

நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த தமிழகத்திலும் இதே பாடம் கற்கப்பட்டது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1948 முதல் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த விரலோடு வீடு சென்றவர்கள் பலருக்குப் பிழைப்பு இல்லை. "என் கை நேரானபின் பிச்சைகூடக் கிடைப்பதில்லை" என்ற நிலையைக் கண்ட பிறகுதான், கையைச் சரிசெய்தால் மட்டும் போதாது. அந்தக் கைக்கு ஒரு தொழிலும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். 1951-ல் நவ ஜீவ நிலையம் எழுந்தது. தச்சு வேலை கற்றுத் தந்தார்கள். உணர்ச்சியற்ற கையில் புண் வராதபடி கருவிகளைப் பிடிப்பது எப்படி என்பதையும் பழக்கினார்கள்.

அதே வேலூரில் 1954-ல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். பின் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தைத் திறந்தார். முடங்கியவர்களுக்கு வழிகாட்ட ஒரு முடங்கியவரே முன்வந்தார்!

நமது பிரிக்பீல்ட்ஸுக்கு வாருங்கள். 1951-ல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்குதான் இருக்கிறது. பார்வை இழந்தவர் தடியூன்றித் தனியே நடக்கவும், தன் வேலைகளைத் தானே செய்யவும், ஒரு தொழில் செய்து சம்பாதிக்கவும் அங்கே பயிற்சி உண்டு. அந்த வட்டாரத்தில் பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்களை அறியாதவர் யார்? அவர்கள் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. தம் கைத்திறனுக்கு உரிய கூலியைத்தான் கேட்கிறார்கள்.

எங்கே, எப்படிக் கேட்பது?

கிள்ளான் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை ஆகியவற்றில் இந்தப் பிரிவு உண்டு. பெரிய அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகள் பலவற்றிலும் உண்டு. வீடு திரும்பும் நாளன்று மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சாராகெர்ஜாவுக்குக் கடிதம் உண்டா, டாக்டர்?" தொலைவு அதிகமென்றால், வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்குக்கு மாற்றித் தர முடியுமா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சம்பளத்துக்கு வேலை செய்பவர் சொக்சோவை மறக்கக் கூடாது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து, 1971-ல் செயல்படத் தொடங்கிய நிறுவனம் அது. வேலையிடத்து விபத்துக்கு மட்டுமின்றி, வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. இழப்பீட்டுப் பணத்தை வாங்கிக் கொண்டு பலர் ஒதுங்கி விடுகிறார்கள். செயற்கைக் கால், சக்கர நாற்காலி, மறுவாழ்வுப் பயிற்சி ஆகியவற்றுக்கும் அங்கே வழி உண்டு. 2007 முதல் 'வேலைக்குத் திரும்பும் திட்டம்' நடைபெறுகிறது. தொழிலாளியோடும் முதலாளியோடும் பேசி, பழைய வேலையை எளிதாக்கவோ வேறு வேலை தேடவோ அதிகாரி ஒருவர் உதவுவார். மலாக்காவில் சொக்சோவின் பெரிய மறுவாழ்வு மையம் 2014-ல் திறக்கப்பட்டது.

இல்லத்தரசிகளுக்கும் 2022-ல் தனிச் சட்டம் வந்தது. தொடங்கியபோது ஆண்டுச் சந்தா 120 வெள்ளி. 55 வயதுக்குள் பதிந்து கொள்ள வேண்டும். தாய்மார்களே, நகைச்சீட்டுக் கட்டுவதுபோல் இதையும் நினைவில் வையுங்கள்.

உடற்குறை நீடிக்குமானால், மருத்துவர் சான்றோடு சமூகநல இலாகாவில் ஊனமுற்றோர் அட்டைக்குப் பதிவு செய்யலாம். அட்டை உள்ளவருக்கு அரசாங்க மருத்துவமனையில் கட்டண விலக்கு உண்டு. 2008-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம், மற்றவர்களுக்குச் சமமாக உடல்நலம் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டென்று சொல்கிறது. உரிமை என்பதே அங்குள்ள சொல், தருமம் என்றில்லை. வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு 1984-ல் திரெங்கானுவில் தொடங்கிய சமூக மறுவாழ்வு மையங்கள் இன்று நாடெங்கும் உண்டு.

வீட்டில் நாம் செய்யக் கூடியது

சிகிச்சையாளரின் ஆலோசனையோடு வீட்டிலும் சில காரியங்கள் செய்யலாம்.

சட்டை போடும்போது சுகமில்லாத கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியாகக் கழற்றுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் தட்டு நழுவாது. கரண்டியின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் பிடி தளர்ந்த கைக்கும் அடங்கும். பலகையில் இரண்டு சுத்தமான ஆணிகள் அடித்து வெங்காயத்தைக் குத்தி வைத்தால் ஒரே கையால் நறுக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கச் செய்யுங்கள்; குளியலறைச் சுவரில் உறுதியான கைப்பிடி வையுங்கள்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. உணர்விழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். வலுவாக உருவி முறுக்கவும் விடாதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு இறங்கிப் போகும்; பிறகு வலியே பெரிய நோயாகி விடும்.

தோட்டத்துக் கோயில் கமிட்டிகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்கு வண்டி ஏற்பாடு செய்யத் தெரிந்தவர்கள் நாம். வாரத்தில் ஒருநாள், நம் தோட்டத்திலும் அடுக்குமாடியிலும் உள்ள நோயாளிகளை ஒரே வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் என்ன? நான்கு குடும்பங்கள் செலவைப் பங்கிட்டுக் கொண்டால், மூன்றாம் தடவையும் போகலாம். முப்பதாம் தடவையும் போகலாம்.

மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தாயிடம் திரும்பி வருவோம். அவருக்கு ஊட்டுவது பாசந்தான். ஆனால் கரண்டியை அவர் கையில் கொடுத்து, பாதி சிந்தினாலும் பொறுத்திருப்பது அதைவிடப் பெரிய பாசம். நாளை காலை, "அம்மா, நீங்க உட்காருங்க" என்று சொல்லாதீர்கள்.

"அம்மா, விளக்கு வைக்கணும், தீப்பெட்டிய நான் பிடிச்சிக்கிறேன், நீங்க உரசுங்க" என்று சொல்லிப் பாருங்கள்.